குலை எங்கே காத்துக் கிடக்கிறது? மதிப்பு ஓட்டப் படம் வரைய ஒரு தொடக்க விளக்கம்

செம்பனைக் குலை ஒன்றை மரத்திலிருந்து இறக்கக் கைதேர்ந்த ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும். அதே குலை எண்ணெய் ஆலையின் எடை மேடையில் ஏறுவதற்குள் சில தோட்டங்களில் ஏறக்குறைய ஒரு நாள் ஓடிவிடுகிறது. அந்த நேரத்தில் பெரும்பகுதி அதை யாரும் தொடுவதுகூட இல்லை. ஆனாலும் வேலை சுணங்குகிறது என்ற பேச்சு எழுந்தால், மறுநாள் காலைப் பெரட்டில் (ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில்) அதட்டல் விழுவது வெட்டுகிறவர்களுக்குத்தான். இரண்டு நிமிட வேலையை ஒன்றரை நிமிடமாக்கினால் என்ன கிடைக்கும்? வெட்டிய குலைகளைச் சேர்த்து வைக்கும் பிளாட்பாரத்தில் இன்னும் அரை நிமிடம் கூடுதலாகக் காத்துக் கிடக்கும் ஒரு குலை, அவ்வளவுதான்.

இந்தக் காத்திருப்பைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் கருவிதான் தொழில்துறையில் வேல்யூ ஸ்ட்ரீம் மேப்பிங் எனப்படும் மதிப்பு ஓட்டப் படம். ஒரு பொருள் (அல்லது ஒரு கோரிக்கை, ஒரு பில், ஒரு நோயாளியின் அட்டை) தொடக்கத்திலிருந்து வாடிக்கையாளர் கை சேரும்வரை எந்தெந்த வேலைகளைக் கடக்கிறது, எங்கெங்கே நிற்கிறது, அது நகர்வதற்கு யார் யாருக்கு என்ன தகவல் போகிறது என்பதையெல்லாம் ஒரே தாளில் வரைவது. டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையில் பொருள் ஓட்டத்தையும் தகவல் ஓட்டத்தையும் ஒன்றாக வரையும் பழக்கம் இருந்தது. 1990களின் இறுதியில் மைக் ரோதர், ஜான் ஷூக் என்ற இருவர் அதை எளிமைப்படுத்தி உலகெங்கும் பரப்பினார்கள். கார் தொழிற்சாலைக்கென்று பிறந்த முறை என்றாலும், மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ உள்ள ஒரு தோட்டத்துக்கும், அந்த ஊர்க் கடைத்தெருவில் உள்ள அச்சகத்துக்கும் மோட்டார் பட்டறைக்கும் அது அப்படியே பொருந்தும்.

கீழே வரும் கணக்கு முழுவதும் விளக்கத்துக்காக அமைத்த ஒரு மாதிரித் தோட்டத்துடையது. ஒரு டிவிஷன், 20 வெட்டுகிறவர்கள், நாளொன்றுக்கு 30 டன் குலை. குலை சராசரியாக 15 கிலோ என்றால் 2,000 குலைகள், ஆளுக்கு 100. உங்கள் இடத்து எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் வழி மாறாது.

எதை வீண் என்கிறோம்

டொயோட்டாவில் தைச்சி ஓனோ ஏழு வகை வீண்களைப் பட்டியலிட்டார்: தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், இடம் மாற்றுதல், தேவையில்லாத கூடுதல் வேலை, தேங்கிய சரக்கு, ஆட்களின் வீண் நடை, பழுது. ஏழையும் மனப்பாடம் செய்துகொண்டு வேட்டைக்குக் கிளம்புவதால் பெரிய பயன் இல்லை. படம் வரைந்தால் அவை தாமாக முன்னால் வந்து நிற்கும். தொடங்குகிறவர் கையில் ஒரே ஒரு கேள்வி இருந்தால் போதும்: இந்த வேலைக்கு வாடிக்கையாளர் பணம் கொடுப்பாரா? இங்கே வாடிக்கையாளர் ஆலை. பழுத்த குலையை வெட்டி இறக்குவதற்கு ஆலை பணம் கொடுக்கும். லோரியில் ஏற்றுவதற்காகக் குலையைக் குவிக்கும் மேடையான ரேம்ப்பில் அது ஓர் இரவு கிடந்ததற்குக் கொடுக்காது.

செம்பனையில் இந்தக் காத்திருப்பு நேரத்தை மட்டும் தின்பதில்லை, எண்ணெயையும் கெடுக்கிறது. பழம் நசுங்கியதும் அதிலுள்ள லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயைப் பிரித்து, கட்டற்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. ஆலையில் நீராவியில் வேகவைக்கும்போதுதான் அந்த நொதி அடங்கும். கச்சா செம்பனை எண்ணெய் வணிகத்தில் இந்த அமிலத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 5 விழுக்காடு. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலை ஆலையில் வெந்துவிட வேண்டும் என்று தோட்டங்களில் சொல்லிவருவது இதனால்தான். குலை காயக் காய எடையும் குறையும், எடைக்குத்தானே பணம்!

இன்னொன்றும் உண்டு. மரத்திலிருந்து தரைக்கு, தள்ளுவண்டியிலிருந்து பிளாட்பாரத்துக்கு, டிரெய்லரிலிருந்து ரேம்ப்புக்கு, ரேம்ப்பிலிருந்து லோரிக்கு, லோரியிலிருந்து ஆலைக்கு என்று ஒரு குலை ஐந்து முறை விழுகிறது. ஒவ்வொரு விழுதலும் பழத்தை நசுக்குகிறது. இடம் மாற்றுதல் என்ற வீண் இங்கே வெறும் டீசல் செலவு மட்டுமல்ல.

கிளம்புவதற்கு முன்

தேவையானவை: ஏ3 தாள் நான்கைந்து, பென்சில், அழிப்பான், நிறுத்துக் கடிகாரம் (கைப்பேசியில் உள்ளதே போதும்), தண்டில் எழுத அழியாத மார்க்கர். கணினியில் வரைய வேண்டாம். மென்பொருளில் வரைந்த படம் அழகாக இருப்பதால் அதில் கைவைக்க எல்லாருக்கும் தயக்கம் வரும். முதல் படம் பத்து இடத்தில் அழித்துத் திருத்தப்பட வேண்டியது.

ஆட்கள் நான்கைந்து பேர்: வெட்டுகிறவர் ஒருவர், மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி), டிராக்டர் ஓட்டுநர், அலுவலகக் கிராணி (எழுத்தர்), முடிந்தால் லோரி குத்தகைக்காரரின் ஆள். இவர்களோடு, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரும் கட்டாயம் வேண்டும். உதவி நிர்வாகி வராமல் வரைந்த படம் பெரும்பாலும் அலமாரிக்குத்தான் போகும்.

எல்லையை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். "வெட்டுவதிலிருந்து ஆலை எடை மேடை வரை" என்பது நல்ல எல்லை. "தோட்டம் முழுவதும்" என்பது எல்லையே அல்ல. உரம் போடுவது, களையெடுப்பது, சம்பளம் எல்லாம் தனித்தனி ஓட்டங்கள். ஒரே தாளில் திணித்தால் ஒன்றும் தெரியாது.

வெட்டுகிறவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். குலைக்கணக்கில் கூலி வாங்குகிறவர் பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தோடு நின்றால், கூலி விகிதத்தைக் குறைக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைப்பது இயல்பு. ஆளை அளக்கவில்லை, குலையைப் பின்தொடர்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். தாளில் யார் பெயரும் வரக்கூடாது.

கடைசியிலிருந்து நடங்கள்

நடப்பது ஆலைப் பக்கத்திலிருந்து தொடங்கட்டும். எடை மேடை, பிறகு ஆலை வாசல் வரிசை, லோரி, ரேம்ப், டிராக்டர், பிளாட்பாரம், மரம். பின்னோக்கி நடந்தால் ஒவ்வோர் இடத்திலும் "இது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது?" என்று கேட்க வேண்டியிருக்கும். முன்னோக்கி நடந்தால், நடக்க வேண்டியது என்று நாம் நம்புவதையே பார்த்துக்கொண்டு போவோம்.

வரைவது எளிது. தாளின் வலது மேல் மூலையில் வாடிக்கையாளர், அதாவது ஆலை. நடுவில் மேலே அலுவலகம். கீழே இடமிருந்து வலமாக வேலைப் பெட்டிகள்: வெட்டி இறக்குதல், பிளாட்பாரத்துக்குத் தள்ளுதல், எண்ணுதல், டிராக்டரில் ஏற்றி ரேம்ப்புக்குக் கொண்டுபோதல், லோரியில் ஏற்றுதல், பயணம், எடையும் தரம் பார்த்தலும். குலை தேங்கும் இடத்தில் ஒரு முக்கோணம். ஒவ்வொரு பெட்டிக்குக் கீழும் ஒரு சின்ன விவரக் கட்டம்: எத்தனை பேர், ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம், ஒரு தடவைக்கு எவ்வளவு, வண்டி பழுதின்றி ஓடும் நேரம் எத்தனை விழுக்காடு, அடுத்தவர் திருப்பி அனுப்பும் அளவு என்ன.

கடைசி விவரத்தை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். மலேசியச் செம்பனை வாரியத்தின் தரம் பிரிக்கும் வழிகாட்டியில், பழுத்த குலை என்றால் குறைந்தது பத்துப் பழமாவது உதிர்ந்த குழி தெரிய வேண்டும். தண்டு 5 செண்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அது நீள்தண்டுக் குலை. ஆலையில் இவற்றுக்குக் கழிவு (பிடித்தம்) விழுகிறது. மரத்தடியில் நடந்த பிழை முப்பது கிலோமீட்டர் பயணம் செய்து, மறுநாள் எடைச் சீட்டில் கழிவாகத்தான் தெரிய வருகிறது என்றால், வெட்டியவருக்கு அது போய்ச் சேரும்போது எந்த மரம் என்பதே மறந்திருக்கும். படத்தில் அதைத் திரும்பி வரும் ஓர் அம்பாக வரைந்து, எத்தனை நாள் கழித்து வருகிறது என்று மேலே எழுதுங்கள்.

நேரத்தை எப்படி அளப்பது? வேலைநேரத்தைக் கடிகாரம் சொல்லிவிடும். பத்து முறை அளந்து, மிகக் குறைவு, மிக அதிகம், நடுமதிப்பு மூன்றையும் எழுதுங்கள். காத்திருப்புக்கு வேறு வழி: காலை 7.30, 10.00, 12.30 ஆகிய மூன்று வேளைகளில் வெட்டிய குலைகளில் பத்துப் பத்தின் தண்டில் வெட்டிய நேரத்தை மார்க்கரால் எழுதிவிட்டு, அவை ரேம்ப்புக்கும் லோரிக்கும் வரும்போது நேரத்தைக் குறியுங்கள். முப்பதில் நான்கைந்து தொலைந்துபோகலாம். போகட்டும்.

இன்னொரு குறுக்குவழி, குவியலை நேரமாக மாற்றுவது. தேங்கிய அளவை ஒரு நாள் தேவையால் வகுத்தால் அது எத்தனை நாள் காத்திருக்கிறது என்று கிடைக்கும். ஒரு நாளில் பல வேளைகளில் எண்ணிப் பார்த்து ரேம்ப்பில் சராசரியாக 18 டன் இருக்கிறது என்றால், 18 வகுத்தல் 30, அதாவது 0.6 நாள், ஏறக்குறைய 14 மணி. மாலை 5 மணிக்கு மட்டும் எண்ணினால் கணக்கு ஊதிப்போகும், லோரி கிளம்பிய அடுத்த நிமிடம் எண்ணினால் சுருங்கிப்போகும்.

ஏணிக்கோடு

பெட்டிகளுக்கெல்லாம் கீழே, தாளின் அடியில், ஏறி இறங்கும் படிக்கட்டுபோல ஒரு கோடு. வேலைநேரம் ஒரு தட்டிலும் காத்திருப்பு மறு தட்டிலும் வரும். நம் மாதிரித் தோட்டத்தில்:

வெட்டி இறக்குதல் 2 நிமிடம், பிளாட்பாரத்துக்குத் தள்ளுதல் ஒன்றரை நிமிடம்
பிளாட்பாரத்தில் காத்திருப்பு 5 மணி
எண்ணுதல் அரை நிமிடம், டிராக்டரில் ஏற்றி ரேம்ப்பில் கொட்டுதல் 20 நிமிடம்
ரேம்ப்பில் காத்திருப்பு 14 மணி
லோரியில் ஏற்றுதல் 25 நிமிடம், பயணம் 40 நிமிடம்
ஆலை வாசல் வரிசை ஒன்றரை மணி
எடை, தரம் பார்த்தல், கொட்டுதல் 15 நிமிடம்

வேலை 104 நிமிடம். காத்திருப்பு இருபதரை மணி, அதாவது 1,230 நிமிடம். மொத்தம் 1,334 நிமிடம், ஏறத்தாழ 22 மணி 15 நிமிடம். வேலை நடந்தது அதில் 8 விழுக்காட்டுக்கும் குறைவு. கண்டிப்பாகப் பார்த்தால் பயணமும் ஏற்றி இறக்குதலும்கூட மதிப்புச் சேர்ப்பவை அல்ல, தவிர்க்க முடியாத வீண் மட்டுமே. அந்தக் கணக்கில் மிஞ்சுவது வெட்டும் இரண்டு நிமிடம்தான். எந்தக் கணக்கை எடுத்தாலும் சரி, அடுத்த முறையும் அதையே எடுங்கள். விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, எந்த முக்கோணம் பெரியது என்று பார்ப்பது பயன் தரும். இங்கே அது ரேம்ப்.

மேல்பாதியில்தான் விடை

பலரும் தாளின் கீழ்ப்பாதியை வரைந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். குலை ரேம்ப்பில் 14 மணி கிடக்கிறது என்று தெரிந்துவிட்டது, ஏன் கிடக்கிறது? அதற்கான விடை தாளின் மேல்பாதியில், தகவல் போகும் வழியில் இருக்கிறது. யார் யாரிடம், எப்போது, எதன் மூலம் சொல்கிறார்கள்? வாய்மொழியும் தாளும் நேர்க்கோட்டு அம்பு. தொலைபேசி, வாட்ஸ்அப், கணினி வழியாகப் போவது மின்னல்போல் வளைந்த அம்பு.

மாதிரித் தோட்டத்தில் வரைந்தால் இப்படி வருகிறது. மண்டோர் குலையை எண்ணித் தன் புத்தகத்தில் எழுதுகிறார். வெளிக்காட்டு வேலை முடிந்து மாலை நான்கு மணிக்கு அலுவலகம் வந்து கிராணியிடம் கணக்குக் கொடுக்கிறார். கிராணி கூட்டிப் பார்த்து, எத்தனை லோரி வேண்டும் என்று குத்தகைக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார். அதற்குள் லோரிகள் அன்றைய ஓட்டத்தை முடித்திருக்கும். மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்று லோரிகள் ஒன்றாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக ஆலை வாசலில் நிற்கின்றன. சுற்றுவட்டாரத் தோட்டங்களின் லோரிகளும் அதே நேரத்துக்கு அங்கே வந்து சேர்கின்றன. அந்த ஒன்றரை மணி வரிசை அப்படி உருவானது.

ஆக, ரேம்ப்பின் 14 மணியும் வாசலின் ஒன்றரை மணியும் ஒரே வேரில் முளைத்தவை: கணக்கு முடிந்தால்தான் லோரி என்ற பழக்கம். ரேம்ப்பில் கூடுதலாக ஆள் போட்டிருந்தால் செலவுதான் ஏறியிருக்கும். பொருள் காத்துக் கிடந்தால் பெரும்பாலும் அதற்கு முன்பே ஒரு தகவல் எங்கோ காத்துக் கிடக்கிறது. படம் வரைவதில் கிடைக்கும் பயனில் பாதிக்கு மேல் இதைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

தாளம்

அடுத்து ஒரு சின்ன வகுத்தல். வேலை செய்யக் கிடைக்கும் நேரத்தை அன்றையத் தேவையால் வகுத்தால் வருவது டாக்ட் நேரம். ஓட்டம் எந்தத் தாளத்தில் போக வேண்டும் என்பதை அது சொல்லும். இடைவேளை போக 420 நிமிடம். லோரி ஒன்றுக்கு 10 டன், ஆக மூன்று லோரி. 420 வகுத்தல் 3: 140 நிமிடத்துக்கு ஒரு லோரி கிளம்ப வேண்டும்.

டிராக்டருக்கும் இதே கணக்கு. டிரெய்லரில் 2 டன் பிடிக்கும் என்றால் 15 நடை. 420 வகுத்தல் 15, நடைக்கு 28 நிமிடம். ஆனால் அளந்து பார்த்தால், திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்து ஒரு நடைக்கு 30 நிமிடம் ஆகிறது. இரண்டு நிமிடம்தானே என்று தோன்றும். 420 நிமிடத்தில் 14 நடைதான் போக முடியும். தினமும் 2 டன் பிளாட்பாரத்தில் தங்கிவிடும். ஆறு நாளில் 12 டன். ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் மூன்று மணி நேரம் ஓவர்டைம் ஓடி அதை அள்ளுகிறது. அந்த ஓவர்டைம் பல வருடங்களாக நடந்தால், அது வீண் என்றே யாருக்கும் தோன்றாது. செலவுப் பட்டியலில் நிரந்தர வரியாக உட்கார்ந்துவிடும். திங்கட்கிழமை மட்டும் அளந்தவருக்கு இந்தத் தேக்கம் தெரியவே தெரியாது. சனிக்கிழமையும் அளக்க வேண்டும்.

வரப்போகும் படம்

இருப்பதை வரைந்த கையோடு, இருக்க வேண்டியதையும் இன்னொரு தாளில் வரையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் எட்டக்கூடியதாக இருக்கட்டும், ஐந்து வருடக் கனவு வேண்டாம். மாற்றம் வேண்டிய இடத்தில் வெடித்துச் சிதறும் நட்சத்திரம்போல் ஒரு குறி போட்டு, என்ன மாற்றம், யார் பொறுப்பு, எந்தத் தேதி என்று எழுதுவது வழக்கம்.

மாதிரித் தோட்டத்துக்கு முதல் மாற்றம் லோரியைக் கணக்கிலிருந்து அவிழ்த்துவிடுவது. குலை முப்பது டன் வரும் என்பது ஏறக்குறைய தெரிந்ததுதான்; முந்தைய வெட்டுச் சுற்றின் கணக்கும், முதல் நாள் மாதிரிக்கு எண்ணிப் பார்க்கும் பழுத்த குலைகளும் அதைச் சொல்லிவிடும். ஆகவே தினமும் 10.30, 1.15, 3.30 என்று மூன்று லோரிக்கு நேரம் நிரந்தரமாகக் குறித்துவிடலாம் (நடுவில் சாப்பாட்டு இடைவேளையும் அடங்கும்). மண்டோர் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் ஒரு வரி வாட்ஸ்அப் அனுப்புவார்: கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும். கூலிக்கான முழுக்கணக்கு மாலையில் வழக்கம்போல் நடக்கட்டும், அதற்காகக் குலை காத்திருக்க வேண்டியதில்லை.

குத்தகைக்காரர் இதற்கு உடனே ஒத்துக்கொள்வார் என்று எண்ண வேண்டாம். ஆலை வாசலில் ஒன்றரை மணி நிற்காமல் ஒரே லோரி கூடுதல் நடை போகலாம் என்ற கணக்கைக் காட்டிப் பேசினால் பேச்சு நகரும். ஆலையிடமும் எந்த நேரத்தில் வரிசை குறைவு என்று கேட்டுக்கொண்டுதான் அந்த மூன்று நேரத்தையும் இறுதி செய்ய வேண்டும்.

இரண்டாவது, டிராக்டரின் அந்த இரண்டு நிமிடம். ஓட்டுநர் ஒவ்வொரு நடைக்கும் ரேம்ப்பில் இறங்கிச் சீட்டில் கையெழுத்து வாங்குகிறார், மூன்று நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு ஒரு கையெழுத்து என்பதை லோரிக்கு ஒன்று என்றாக்கினால் நடை 27 நிமிடம். 15 நடைக்கு 405 நிமிடம். அன்றைய குலை அன்றே தீரும், கால் மணி நேரம் கையிருப்பு. டிராக்டர் வேகமாக ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள். வேகமாக ஓட்டச் சொன்னால் தோட்டப் பாதையில் அச்சு முறியும், அவ்வளவுதான் லாபம்.

இந்த இரண்டும் நடந்தால் பிளாட்பாரக் காத்திருப்பு 1 மணி 45 நிமிடமாகவும், ரேம்ப் 1 மணி 15 நிமிடமாகவும், ஆலை வரிசை அரை மணியாகவும் இறங்கும் என்று கணக்கிடலாம். காத்திருப்பு 210 நிமிடம், வேலை அதே 104, மொத்தம் 314: ஐந்தேகால் மணிக்குச் சற்றுக் குறைவு. காலையில் வெட்டியது மாலைக்குள் ஆலையில்.

மூன்றாவதாக ஒன்று எழுதலாம், செலவுள்ளது. டிராக்டர் நேராக லோரித் தொட்டியிலேயே கொட்டும்படி, கழற்றி மாட்டக்கூடிய பெரிய இரும்புத் தொட்டிகளைத் தோட்டத்தில் நிறுத்தி வைப்பது. ரேம்ப்பே தேவைப்படாது, குலை ஒருமுறை குறைவாக விழும். ஆனால் தொட்டியும் அதைத் தூக்கும் லோரியும் வேண்டும். முதல் இரண்டும் ஓரிரு மாதம் நிலைத்தபின் இதைப் பேசலாம். கலைந்து கிடக்கும் ஓட்டத்தின்மேல் இயந்திரம் வாங்கிப் போட்டால், கலைதல் அப்படியே இருக்கும், தவணையும் கூட வரும்.

அலுவலகத்தில் குவியல் கண்ணுக்குத் தெரியாது

ரேம்ப்பில் 18 டன் கிடந்தால் நடந்து போகிறவருக்கும் தெரியும். ஒரு கோரிக்கைப் படிவம் மேசை இழுப்பறையிலோ, படிக்காத மின்னஞ்சலிலோ கிடந்தால் யாருக்குத் தெரியும்? அலுவலக வேலைக்குப் படம் வரையும்போது இதுதான் சிக்கல். டிராக்டருக்கு ஹைட்ராலிக் குழாய் வாங்கும் கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரிலிருந்து கிராணி, உதவி நிர்வாகி, தலைமை அலுவலகம் என்று போய்க் கடைக்காரரிடம் சேர்கிறது. கடந்த இரண்டு மாதத்தின் முடிந்த கோரிக்கைகள் இருபதை எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள தேதி முத்திரைகளை வரிசையாக எழுதுங்கள். எந்த மேசையில் எத்தனை நாள் என்பது தானாக விழும்.

இங்கே நேரத்தோடு சேர்த்து அளக்க வேண்டிய இன்னொன்று: ஒரு மேசைக்கு வந்த தாள்களில் எத்தனை, முந்தைய மேசையிடம் திரும்பக் கேட்காமல் அப்படியே வேலை செய்யக்கூடியதாக இருந்தது? ஒவ்வொரு மேசையும் 90 விழுக்காடு என்று பெருமையாகச் சொல்லலாம். நான்கு மேசைகளுக்கு 0.9ஐ நான்கு முறை பெருக்கினால் 0.656. மூன்றில் ஒரு கோரிக்கை எங்கோ ஓரிடத்தில் திரும்பி வருகிறது. படிவத்தில் உதிரிப்பாக எண் எழுத ஒரு கட்டம் இல்லை என்பதுபோன்ற அற்பக் காரணமே பெரும்பாலும் மூலமாக இருக்கும்.

பட்டறை, அச்சகம், கேட்டரிங் போன்ற சிறு தொழில்களிலும் அலுவலகம் வேலைக்களம் இரண்டும் கலந்தே இருக்கும். தீபாவளிக்கு முன் அச்சகத்தில் அழைப்பிதழ் தேங்குவது இயந்திரத்தால் அல்ல, பிழைதிருத்தம் பார்க்க வாடிக்கையாளர் வராததால் என்பது ஒரே மாலைப் படத்தில் தெரிந்துவிடும்.

எங்கே சறுக்கும்

அறைக்குள் உட்கார்ந்து வரைவதுதான் முதல் சறுக்கல். அப்படி வரைந்தால் கிடைப்பது நடைமுறைக் கையேட்டின் படம். கையேட்டில் டிராக்டர் தினமும் மிச்சமில்லாமல் அள்ளிவிடும்.

வெயில் நாள் ஒன்றில் மட்டும் வரைவது அடுத்தது. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை தட்டினால் மண்பாதையில் டிராக்டரின் 27 நிமிடம் 40 ஆகும். செப்டம்பர், அக்டோபரை ஒட்டி மகசூல் உச்சத்துக்குப் போகும்போது நாளுக்கு 40 டன் வந்தால், லோரித் தாளம் 105 நிமிடமாகச் சுருங்கும். டிராக்டருக்கு நடை 20 ஆகிவிடும், அந்த ஒற்றை டிராக்டர் எப்படியும் போதாது. உச்சக் காலத்துக்குத் தனியாக ஒரு கணக்கு போட்டு, எந்த வாரத்திலிருந்து இரண்டாவது டிராக்டரை வாடகைக்கு எடுப்பது என்று முன்பே எழுதி வைப்பது நல்லது.

ஒரு பெட்டியை மட்டும் சீர்திருத்துவது அடிக்கடி நடப்பது. வெட்டும் வேகம் கூடினால் பிளாட்பார முக்கோணம் பெரிதாகும். லோரி மட்டும் கூடினால் லோரி ரேம்ப்பில் நின்று டிராக்டருக்குக் காத்திருக்கும். எதைத் தொட்டாலும் அதற்கு அடுத்த முக்கோணம் வளர்கிறதா என்று பாருங்கள்.

எண்களில் அளவுக்கு மீறிய துல்லியம் தேடுவதும் ஒரு வகை வீண்தான். பிளாட்பாரக் காத்திருப்பு 5 மணியா 5 மணி 20 நிமிடமா என்று ஒரு வாரம் விவாதிக்கிறவர்கள் உண்டு. ரேம்ப் 14 மணி என்பது கண்முன் நிற்கும்போது அந்த இருபது நிமிடத்தால் எந்த முடிவும் மாறப்போவதில்லை.

படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மறப்பது மிகப் பெரிய சறுக்கல். அதற்கு மாற்றாக ரேம்ப் தூணில் ஒரு வெள்ளைப் பலகை போதும். தினமும் மாலை 5 மணிக்கு ரேம்ப்பில் எத்தனை டன் மிச்சம், கடைசி லோரி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்ற இரண்டு எண்ணை மண்டோர் எழுத வேண்டும். மிச்சம் 2 டன்னைத் தாண்டினால் பக்கத்தில் காரணம் ஒரு வரி. நான்கு வாரத்துக்குப் பிறகு அந்தக் காரணங்களை எண்ணிப் பார்த்து, எது அதிகம் வந்திருக்கிறதோ அந்த இடத்துக்கு மறுபடி கடிகாரத்தோடு போய் நிற்கலாம். முழுப் படத்தையும் மறுபடி வரைவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆலை மாறினாலோ, லோரிக் குத்தகை கைமாறினாலோ உடனே.